பேரரசியின் அறுபது மில்லி

ஜூன் 17, திங்கள்

கோவில்பட்டி கண்ட மாபெரும் குரலோனும், ஆடித் தள்ளுபடிக் காலத்தில் ஒரே ஆட்டோவில் உட்கார்ந்து மூன்று ஜவுளிக்கடைகளுக்கு மைக்கில் அறிவிப்புச் செய்து, மூன்றுமே ஊரில் முதலிடம் என்று சாதித்தவனுமாகிய கோமதிநாயகம் என்னும் நான், இன்று காலை எட்டேகால் மணிக்குச் செண்பகவல்லிப் பேரரசியின் தலைமைப் பால் அதிகாரியாகப் பதவியேற்றேன். விழாவுக்கு யானை வரவில்லை. எதிர்வீட்டு நாய் வந்திருந்தது.

பேரரசிக்கு வயது நான்கு மாதம். எடை மூன்று கிலோ எண்ணூற்று ஐம்பது கிராம். என் தங்கை சங்கரி பெற்றவள். தகப்பனார் செந்தூர்பாண்டி மாப்பிள்ளை லாரியோடு குஜராத் பக்கம் போயிருக்கிறார். சங்கரிக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு முடிந்துவிட்டது. மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். இதற்கு மேல் லீவு என்றால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று தாளாளர் சொல்லிவிட்டார். ஊரில் வேலைவெட்டி இல்லாமல், கல்யாணமும் இல்லாமல், ஆடி பிறக்கும் வரை தொண்டையைத் தடவிக்கொண்டு கிடக்கும் ஒரே மனிதன் நான்தான். பதவி தானாக வந்து சேர்ந்தது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, வெளையாட்டில்ல. பத்து மணி, ஒரு மணி, நாலு மணி. மூணு வேளை. சங்குல கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கணும். மூச்சு வாங்குனா நிறுத்திரணும். டம்ளர்ல அறுபது அளந்து ஊத்து. மிச்சத்தக் கழிச்சா குடிச்சது. அத இந்த நீல நோட்டுல எழுதணும்."

"அறுபது என்ன, அறுநூறு குடிக்க வைக்கேன்."

"அண்ணே."

அந்த 'அண்ணே'யைக் கேட்டால் மூன்றாம் வகுப்பே எழுந்து நிற்கும். நானும் நின்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

சமஸ்தானத்தின் நிலவரத்தை வருங்காலச் சந்ததிக்காக எழுதி வைக்கிறேன். (ஜவுளிக்கடை முதலாளி இனாமாகத் தந்த டைரி. தாளுக்குத் தாள் சேலை கட்டிய பெண்.)

எல்லோருக்கும் உடம்பில் நாற்பத்தாறு குரோமோசோம் என்கிறார்கள். எங்கள் பேரரசிக்கு நாற்பத்தேழு. டவுன் சிண்ட்ரோம் என்று அதற்குப் பெயர். உள்ளதற்கு மேல் ஒன்று கூட்டிச் சொல்வது எங்கள் வம்ச குணம். பிள்ளை மாமனைக் கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஆனால் இதயத்தில் ஓட்டை இருக்கிறது. அதில் கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை. ஐந்து கிலோ வந்ததும் ஆபரேஷன் என்று மதுரை டாக்டர் எஸ்தர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் செய்தால் சின்ன உடம்பு தாங்காது. ரொம்பத் தள்ளினால் நுரையீரல் கெட்டுவிடும். பேரரசிக்கு உடம்பு துவளும். நாக்கு சங்கைத் தள்ளும். நாலு வாய் குடித்தால் நெற்றி வேர்க்கும். அப்படியே தூங்கிப் போவாள். பால் போதவில்லையென்றால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போடுவார்கள்.

பிறந்தவுடன் மூன்று வாரம் குழாயோடு கிடந்தவள்தான். ஒரு நாள் தானே இழுத்துவிட்டாள், ரத்தம். "இன்னொரு தடவ அந்தக் குழாய அவ மூஞ்சில பாக்க என்னால முடியாது" என்று சங்கரி சொல்லியிருக்கிறாள்.

பத்து மணிக்கு 32. ஒரு மணிக்கு 29. நாலு மணிக்கு 31. அப்படியே நோட்டில் எழுதினேன்.

சங்கரி நாலரைக்கு வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் நோட்டைப் பார்த்தாள். சேலை மாற்றாமல் அப்படியே ஏழு மணி வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரியவில்லை. நான் போய்ப் பரோட்டா வாங்கி வந்தேன். பிரிக்கவேயில்லை.

ஜூன் 19, புதன்

இன்று பால் இலாகாவில் ஒரு நுணுக்கமான ஆராய்ச்சி.

பேரரசி 34 குடித்தாள். கடைவாயில் வழிந்து கழுத்துத் துண்டில் ஊறியது ஒரு பத்து இருக்கும். துண்டு யாருடையது? பேரரசியுடையது. பேரரசியின் துண்டு குடித்தால் பேரரசி குடித்த மாதிரிதான். ஆக 44. நாற்பத்துநான்கு என்ற எண் பார்க்க நன்றாக இல்லை. 45 என்று எழுதினேன்.

சங்கரி நோட்டைப் பார்த்தாள். "நாப்பத்தஞ்சா!" என்றாள். ரசம் வைத்தாள். அப்பளம்கூடப் பொரித்தாள்.

ஜூன் 24, திங்கள்

10 மணி: 30. 1 மணி: 36. 4 மணி: 28.
நீல நோட்டில்: 55, 60, 55.
வெங்காய பஜ்ஜி. சங்கரி பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னாள். ஒரு பயல் ஏழையும் எட்டையும் கூட்டி எழுபத்தெட்டு என்று எழுதினானாம். பெரிய அறிவிப்பாளனாக வருவான் என்றேன்.

ஜூன் 27, வியாழன்

சிலர் இதைப் பொய் என்று சொல்லக்கூடும். என் தொழில் தெரியாதவர்கள். கடையில் நானூறு சேலை இருந்தால் மைக்கில் நாற்பதாயிரம் என்று சொல்ல வேண்டும். நானூறு என்று சொன்னால் ஜனம் வராது. ஜனம் வந்தால் முதலாளி உண்மையிலேயே இன்னும் நானூறு இறக்குவார். முன்னால் சொல்லிவிட்டால் பின்னால் சரக்கு வந்து சேரும். முப்பது வருஷமாக அப்படித்தான் நடக்கிறது.

பேரரசியும் நாளைக்கு அறுபது குடிக்கத்தான் போகிறாள். நான் கொஞ்சம் முந்திச் சொல்கிறேன்.

மீதிப் பாலைச் சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த பவுடர், விலை கூடியது. எதிர்வீட்டு நாய் வாசலிலேயே காத்திருக்கிறது.

ஜூன் 29, சனி

அங்கன்வாடித் தராசில் நிறுத்தோம். 3.900. பன்னிரண்டு நாளில் ஐம்பது கிராம்.

"தராசு சரியில்ல" என்றேன்.

"போன வாரமும் இதே தராசுதான் அண்ணே" என்றாள் சங்கரி.

வரிசையில் நின்ற ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "பிள்ள ஏன் நாக்க நீட்டிக்கிட்டே இருக்கு?" என்று கேட்டாள்.

"உங்கள மாதிரி ஆளுகளுக்குப் பழிப்புக் காட்டுதா. நாலு மாசத்துலயே ஆளத் தெரிஞ்சுக்கிட்டா" என்றேன்.

வழக்கமாக இப்படி ஏதாவது சொன்னால் சங்கரி முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பாள். இன்று தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 3, புதன்

சங்கரி கேட்டாள்: "ஒங் கையில மட்டும் அம்பத்தஞ்சு, அறுவது குடிக்கா. எங் கையில நாப்பது தாண்ட மாட்டேங்காளே. நீ எப்படிக் குடுக்க, அண்ணே?"

"அது ராஜதந்திரம். வெளியில சொல்லக் கூடாது."

"ஞாயித்துக்கிழம நான் இருக்கைல குடு. பாத்துக்கிடுதேன்."

"பக்கத்துல ஆள் நின்னா பேரரசிக்குக் கூச்சம்."

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. எழுந்து போய்க் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள்.

ஜூலை 7, ஞாயிறு

காலையிலிருந்து எனக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு. பால் அதிகாரி இன்று விடுப்பு.

(வயிற்றுக்கு ஒன்றும் இல்லை.)

ஜூலை 8, திங்கள்

மதுரை. போகவர நாலு மணி நேரப் பஸ் பயணம். பேரரசி என் தோளில் ஒரு தேசப்படம் வரைந்தாள்.

டாக்டர் எஸ்தர் சின்ன உருவம். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் கண்ணாடியும் கொண்டையும்தான் தெரியும். நீல நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பேனாவால் ஓரத்தில் கூட்டினார்.

"பால் நல்லாத்தான் போகுது. பிறகு ஏன் எடை ஏறலை?"

"எங் கையில கம்மியாத்தான் டாக்டர் குடிக்கா" என்றாள் சங்கரி. "பகல்ல அண்ணன் குடுக்கான். அதுதான் நல்லாக் குடிக்கா."

"மொத்தத்துல போதுமான அளவு வந்துடுதும்மா. அதுதான் யோசனையா இருக்கு. குடிக்கிறதையெல்லாம் மூச்சு விடவே செலவழிக்கிறாளோ என்னமோ. ஹார்ட்டுக்குச் சுமை கூடியிருக்கலாம்."

நீர் பிரியும் மருந்தை ஒன்றரை மடங்காக்கினார். இரண்டு வாரம் பார்ப்போம் என்றார்.

அவர் அறைச் சுவரில் இதயத்தின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. நான்கு அறைகள். எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 12, வெள்ளி

தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். அறுபதைத் தாண்டினால் போன் பண்ண வேண்டும். ஒரு தரம் எண்ணினால் போதும். வேறு வேலை இல்லாததால் முப்பத்தொரு தரம் எண்ணினேன். 54, 56, 58, 55, 59. ஒரு தரம் 61 வந்தது. மறுபடி எண்ணினேன், 57. கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தேன். நல்ல கடிகாரம்தான்.

மூச்சை மட்டும் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

ஜூலை 13, சனி

அங்கன்வாடி பூட்டியிருந்தது. அப்பாடா.

திரும்பி வரும்போது வாசலில் சங்கரி சொன்னாள்: "இந்த நாய் என்ன இப்படிக் கொழுத்துப் போச்சு?"

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. இந்நேரம் நான் மெயின் ரோட்டில் முழங்கிக்கொண்டிருக்க வேண்டியவன். முதலாளிகள் மூன்று பேரும் போன் பண்ணினார்கள். தொண்டையில் கட்டி, டாக்டர் பேசக் கூடாது என்கிறார் என்று மூன்று பேரிடமும் கணீரென்று சொன்னேன்.

தொண்டை சும்மா இருக்கவில்லை. ஒரு மணி வேளைக்குச் சங்கை எடுத்தபோது வாய் தானாகத் தொடங்கிவிட்டது. "வாருங்கள் வாருங்கள்! கோவில்பட்டி மாநகரப் பெருமக்களே! ஆண்டுக்கொரு முறை, அதிரடி விலைக் குறைப்பு! ஒரு சங்கு வாங்கினால் ஒரு சங்கு இலவசம்!" மெதுவான குரலில்தான். பேரரசி கண்ணை அகல விரித்தாள். நாக்கு உள்ளே போனது. ஒரு வாய். "பட்டு! பாலியெஸ்டர்! பால்!" இன்னொரு வாய். நிறுத்தினால் அவளும் நிறுத்தினாள். இருபத்தைந்து நிமிஷம் மூன்று கடைகளின் சரக்கையும் விற்றேன்.

41.

நாற்பத்தொன்று! துண்டு சேர்க்காமல், வழிசல் சேர்க்காமல், கழித்துக் கழித்து மூன்று தடவை பார்த்த சுத்தமான நாற்பத்தொன்று!

தெருவில் இறங்கிக் கத்தலாம் போல இருந்தது. சங்கரி வந்ததும் சொல்லலாம் என்று வாசலிலேயே நின்றேன். அவள் தெருமுனையில் திரும்பும்போதுதான் உறைத்தது. நோட்டில் பேரரசி ஒரு மாதமாக அறுபது குடித்துக்கொண்டிருக்கிறாள். நாற்பத்தொன்று என்றால் சங்கரி அழுவாள்.

58 என்று எழுதினேன்.

ஜூலை 20, சனி

3.860.

ஏறவில்லை. இறங்கியிருக்கிறது.

சங்கரி அங்கன்வாடி வாசலிலேயே நின்று டாக்டருக்குப் போன் பண்ணினாள். திங்கட்கிழமை பெட்டி படுக்கையோடு வரச் சொன்னார். இவ்வளவு குடித்தும் எடை குறைகிறது என்றால் ஐந்து கிலோ வரை காத்திருக்க முடியாதாம். நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்க முதலில் ஒரு ஆபரேஷன். பிறகு உடம்பு தேறியதும் பெரிய ஆபரேஷன். நெஞ்சை இரண்டு தடவை திறக்க வேண்டும். முதல் தடவையே இந்த எடையில்.

வீட்டுக்கு வந்ததும் சங்கரி சொன்னாள்: "அண்ணே, இனிமே ராவு வேளையும் நீயே குடுத்துரு. எங் கை ராசியில்ல. நான் குடுக்கதாலதான் அவளுக்கு ஒட்டல."

"அப்படியெல்லாம் இல்ல, சங்கரி."

"நோட்டுலதான் இருக்கே அண்ணே. நான் என்ன சும்மாவா சொல்லுதேன்? கணக்கு அப்படித்தான சொல்லுது."

ஜூலை 21, ஞாயிறு

இன்று எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

மேலே எழுதியது பொய். மாப்பிள்ளை சூரத்திலிருந்து பேசினார். "மச்சான், நீங்க கூட இருக்கீக. அதான் எனக்குத் தெம்பு" என்றார். போனை வைத்தபின் இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். சேலை கட்டிய பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பல நாள் குடித்த உண்மையான அளவு இதில் இருக்கிறது. ஏன் எழுதி வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முப்பது வருஷமாக நாற்பதாயிரம் என்று கத்தினாலும் உள்ளே இருப்பது நானூறுதான் என்பது எனக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. அந்தப் பழக்கமாக இருக்கலாம்.

டைரியைப் பேரரசியின் துணிப்பைக்குள் வைத்திருக்கிறேன். கடைசி நேரத்தில் எடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஜூலை 22, திங்கள். மதுரை

எடுக்கவில்லை.

டாக்டர் எஸ்தர் ஆபரேஷன் பற்றிச் சங்கரியிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடும் தாள் மேஜையில் இருந்தது. பேனா சங்கரி கையில்.

நான் எழுந்து நின்றேன். திறந்த மைதானத்தில் பத்தாயிரம் பேருக்குக் கேட்கும் குரல் (சரி, இருநூறு பேர்) கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"டாக்டரம்மா. அந்த நோட்டு தப்பு."

"எந்த நோட்டு?"

"நீல நோட்டு. அதுல நான் எழுதுனது எல்லாம் கூட்டி எழுதுனது. சரியான கணக்கு இதுல இருக்கு."

டைரியை நீட்டினேன். அட்டையில் பட்டுச்சேலைப் பெண். டாக்டர் வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"பேரரசிங்கிறது யாரு?"

"பாப்பாதான்."

"இது முப்பத்தாறா, முப்பத்தெட்டா?"

"முப்பத்தாறு."

"துண்டு பத்துன்னா?"

"துண்டுல வழிஞ்சது. மொத நாள் அதையும் சேத்தேன். அப்புறம் துண்டு இல்லாமலே சேத்தேன்."

ஓரத்தில் கூட்டினார். மறுபடி கூட்டினார். பேனாவை மூடினார்.

"ஒரு நாளைக்கு எழுபது, எண்பது மில்லி. இல்லாத பால்" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம். "ஹார்ட் போன தடவையை விட மோசமாகலைன்னு இன்னிக்கு எக்கோ ஸ்கேன்லயே தெரிஞ்சுது. அப்புறம் ஏன் இறங்குறான்னுதான் குழம்பினேன். இது ஹார்ட் இல்ல. பட்டினி. அதுக்கு மேல நான் மருந்தை வேற கூட்டி, உள்ள இருந்த நீரையும் எடுத்திருக்கேன்."

பட்டினி. செண்பகவல்லி அம்மன் ஊரில், அவள் பெயரையே வைத்த பிள்ளை, என் கையில்.

சங்கரி என்னைப் பார்க்கவில்லை. டைரியை டாக்டர் கையிலிருந்து வாங்கினாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். ஜூலை மூன்றாம் தேதியில் விரல் நின்றது. அவள் கை கழுவியதை நான் எழுதியிருக்கிறேன்.

"அப்ப எங் கையிலதான் கூடக் குடிச்சிருக்கா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதிலுக்கு என்னிடம் எப்போதும் குறை இல்லை.

கையெழுத்துத் தாளை டாக்டர் எடுத்து உள்ளே வைத்தார். "இந்த ஆபரேஷன் இப்ப வேண்டாம். மருந்தைக் குறைச்சிடலாம். ஆனா குழாய் இன்னிக்கே போடணும். வாயால குடிக்கிறதைக் குடிக்கட்டும். மிச்சம் குழாய்ல போகும்."

சிகிச்சை அறையில் நர்ஸ் குழாயை எடுத்து மூக்கிலிருந்து காதுக்கும், காதிலிருந்து வயிற்றுக்கும் அளந்தார். பேரரசியைத் துணியில் இறுக்கிச் சுற்றினார். "யாராவது மடியில வச்சு அசையாமப் பிடிக்கணும். நீங்க பிடிக்கிறீங்களாம்மா?"

சங்கரி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். "அவரு பிடிப்பாரு. தாய்மாமன்தான. காது குத்துக்கு மடியில வெச்சுக்கிட வேண்டிய ஆளு."

பிறந்ததிலிருந்து என்னை 'நீ', 'வா', 'போ' என்று சொன்னவள். 'அவரு' என்றாள்.

உட்கார்ந்தேன். காது குத்துக்கு என்று நான் ஏற்கனவே ஒரு ஜோடி தோடு வாங்கி வைத்திருக்கிறேன், உளுந்து அளவு. அன்றைக்கு ஊரையே கூட்டுவேன், மேளம் பதினெட்டு செட், யானை என்றெல்லாம் சொல்லியிருந்தேன். இப்போது மடியில் பேரரசி. தலையை என் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்தேன். குழாய் மூக்குக்குள் போனது. அவள் குமட்டினாள். முகம் நீலம் பாரித்துச் சிவந்தது. என் பக்கம் கண்ணைத் திருப்பினாள். எல்லாம் அரை நிமிஷம்.

"பேசுங்க சார், குழந்தை கிட்ட ஏதாவது பேசுங்க" என்றார் நர்ஸ்.

"வாருங்கள் வாருங்கள்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

ஜூலை 25, வியாழன். மதுரை

ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறோம். குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துப் பாலை மெல்ல இறங்க விடுவது, எல்லாம் சங்கரிக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நடுங்காமல் செய்கிறாள். குழாயைப் பார்க்க முடியாது என்று சொன்ன அதே சங்கரி. சம்பளம் இல்லாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

எனக்கு இலாகா மாற்றம். சிரிஞ்ச் கழுவுதல். நீல நோட்டு அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

மூச்சு: 52.

ஜூலை 29, திங்கள்

வீடு. மாப்பிள்ளை வந்து இறங்கினார். சங்கரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஏன் மச்சான் இப்படிப் பண்ணுனீக?" என்றார். அடிப்பார் என்று எதிர்பார்த்துக் கண்ணைக்கூட மூடியிருந்தேன். "சாப்புட்டீகளா?" என்று கேட்டார். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 3, சனி

4.040. சங்கரி என்னிடம் சொல்லவில்லை. அங்கன்வாடி டீச்சர் சொல்லித் தெரிந்தது.

எதிர்வீட்டு நாய் காலையிலிருந்து வாசலைப் பார்த்து ஊளையிடுகிறது.

ஆகஸ்ட் 10, சனி

4.150!

மாலையில் சங்கரி நீல நோட்டையும் ஒரு சிவப்பு பேனாவையும் என் முன்னால் போட்டாள். மூன்று வாரத்துக்குப் பின் என்னிடம் நேராகப் பேசினாள்.

"திருத்தம் எழுது."

"என்னது?"

"எங் கிளாஸ்ல தப்பாப் போட்டா திருத்தம் எழுதணும். ஜூன் பத்தொம்போதுலேருந்து ஜூலை இருவத்தொண்ணு வரைக்கும். பக்கத்துல செவப்புல சரியானத எழுது. ஒன் டைரியப் பாத்து."

எழுதினேன். டைரியில் எழுதாமல் விட்ட நாட்களுக்கு 'தெரியாது' என்று எழுதச் சொன்னாள். எத்தனை இடத்தில் தெரியாது! ஜூலை பதினேழுக்கு வந்தேன். 58-ஐ அடித்து 41 என்று எழுதினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"நாப்பத்தொண்ணா? வாயாலயா? எப்படிக் குடிச்சா?"

சொன்னேன். பட்டு, பாலியெஸ்டர், பால், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.

முந்தானை வாய்க்குப் போனது. சிரித்தாளா அழுதாளா என்று எழுத மாட்டேன். நிச்சயமாகத் தெரியாததை எழுதக் கூடாது என்று இன்றுதான் பாடம் முடிந்தது.

"நாளைலேருந்து பத்து மணி வேளைய நீ குடு" என்றாள்.

'நீ'.

செப்டம்பர் 14, சனி

4.640. வாயால் 38, குழாயில் 30. ஜலதோஷம் பிடித்து மூன்று நாள் பயமுறுத்திவிட்டாள். மூச்சு 60 வரை போய் வந்தது. எனக்கு மீசையில் நரை ஒரு லட்சம் கூடியிருக்கிறது. (ஏழு.)

அக்டோபர் 5, சனி. மதுரை

ஆபரேஷனுக்கு நாள் குறிக்க எடை பார்த்தார்கள். பேரரசியைத் தராசில் படுக்க வைத்ததும் காலை உதைத்தாள். எண் மேலும் கீழும் ஓடி நின்றது. 4.980.

நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ரவுண்டா அஞ்சுன்னு போட்டுக்கவா சார்?"

சங்கரி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம்மா. நாலு தொள்ளாயிரத்து எம்பது."

டாக்டர் எஸ்தர் தாளைப் பார்த்தார். "இருபது கிராமுக்காக நான் ஒண்ணும் திருப்பி அனுப்ப மாட்டேன். புதன்கிழமை" என்றார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "பேரரசிக்கு நாள் நட்சத்திரம் சரியா?" என்று கேட்டார்.

அக்டோபர் 9, புதன். மதுரை

7.40. உள்ளே கொண்டு போனார்கள். பேரரசி நர்ஸ் தோளிலிருந்து முகத்தைத் திருப்பி நாக்கை நீட்டினாள்.

9.15. மாப்பிள்ளை ஐந்தாவது டீ குடிக்கிறார். நான் தரையில் டைல் எண்ணினேன். 212.

10.30. இதயத்தை நிறுத்திவிட்டு, மெஷின் ரத்தத்தை ஓட வைக்குமாம். நிறுத்தியிருப்பார்களா? இப்போதா?

11.20. சங்கரி என் சட்டைக் கையைப் பிடித்தாள். "அண்ணே. ஏதாவது புளுகேன்."

வாயைத் திறந்தேன். யானை, பதினெட்டு செட் மேளம், செங்கோல், சிம்மாசனம், முப்பது வருஷத்துச் சரக்கு. ஒன்றும் வரவில்லை. கிட்டங்கி காலி.

"பதினொன்னு இருவது ஆச்சு" என்றேன்.

"ம்" என்றாள். கையை விடவில்லை.

12.50. 212 இல்லை. 214. தூணுக்குப் பின்னால் இரண்டு.

2.05. கதவு திறந்தது. ஓட்டையை அடைத்தாயிற்று. இதயம் தானாக அடிக்கிறது. இன்னும் இரண்டு நாள் ஆபத்து தாண்ட வேண்டும். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்டோபர் 11, வெள்ளி

மூச்சு மெஷினை எடுத்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தானாக விடுகிறாள். எண்ணினேன். 44. நம்பாமல் மறுபடி எண்ணினேன். 44.

அக்டோபர் 18, வெள்ளி

வார்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. இன்று நாலு மணிக்கு வாயால் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர் எஸ்தர். வார்டில் இரண்டு பேருக்குத்தான் அனுமதி. மாப்பிள்ளை கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கிறார்.

சங்கை என் கையில் கொடுத்தாள் சங்கரி. நான் திருப்பி அவள் கையில் கொடுத்தேன். "நீ குடு. நான் மைக்."

ஆறு பேர் படுத்திருக்கும் வார்டு. மெதுவாகத்தான் தொடங்கினேன். "வாருங்கள் வாருங்கள், மதுரை மாநகரப் பெருமக்களே, புத்தம் புது இதயம் வந்திறங்கியிருக்கிறது, முந்துங்கள்!" பக்கத்துக் கட்டில் அம்மாள் எட்டிப் பார்த்தாள். பேரரசி கண்ணை விரித்தாள். நாக்கு உள்ளே போனது. ஒரு வாய். விழுங்கினாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வேர்க்கவில்லை. இன்னொரு வாய். இன்னொன்று. பிறகு கொட்டாவி விட்டுத் தூங்கிப் போனாள்.

சங்கரி டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். நானும் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு ஓடிப் போய்ப் போனைக் காதில் வைத்தாள்.

"ஏங்க! குடிச்சிட்டா! வாயால! அறுவதையும் ஒரே மூச்சுல குடிச்சு முடிச்சிட்டா! இன்னும் வேணும்னு அழுதா, தெரியுமா!"

கீழே மாப்பிள்ளை போட்ட சத்தம் போன் இல்லாமலே மூன்றாம் மாடிக்குக் கேட்டது.

நான் நீல நோட்டைப் பிரித்து எழுதினேன்.

4 மணி: 8.
துண்டில்: 2.